இத்தா வீட்டில் பதின்மூன்று செவ்வாய்கள்

1

என் கணவர் மௌத்தாகி முப்பத்து மூன்றாம் நாள், இந்த நாட்டு அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருந்து ஒரு பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டுவிட்டு, என்ன நடந்தது என்று விசாரித்தாள். "மை ஹஸ்பண்ட் எக்ஸ்பயர்ட்" என்றேன். ஊரில் எல்லாக் கடுதாசியிலும் அப்படித்தான் எழுதுவோம். அவள் திரும்பச் சொல்லச் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த என் மகள் ஸைனப் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ம்மா, பால்தான் எக்ஸ்பயர் ஆகும். வாப்பா செத்துப்போனது எண்டு சொல்லுங்க."

அவளுக்குப் பன்னிரண்டு வயது. இலண்டனில் பிறந்து, இலண்டனுக்கு வெளியே பஸ்ஸில் முக்கால் மணி தூரத்தில் வளர்கிறவள். பெற்ற வாப்பாவைச் 'செத்துப்போனது' என்று சொல்லக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நான்தான். அன்றைக்கு எனக்கு அதற்குத் தெம்பில்லை.

தொலைபேசிப் பெண் என் ஆங்கிலத்தைப் பொருட்படுத்தவில்லை. கணவனை இழந்தவர்களுக்கு ஒரு கொடுப்பனவு இருக்கிறதே, அதற்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்டாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. "மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் முழுதாகக் கிடைக்கும், பிந்தினால் குறையும். இன்றைக்கே படிவத்தை அனுப்புகிறேன்" என்றாள். நான் இத்தாவில் இருக்கிறேன், கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வர முடியாது என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். "நீங்கள் எங்கேயும் வர வேண்டாம். நிரப்பத் தெரியாவிட்டால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள், நான் கூடவே இருந்து சொல்லித் தருகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், வெள்ளைக்காரன் நல்லவன் என்று எழுத வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதே அரசாங்கம் நானும் என் கணவரும் உண்மையாகவே புருஷன் பெண்சாதிதானா என்று கேட்டு வருடக்கணக்காக எங்களை அலைக்கழித்தது. நாங்கள் பேசிய தொலைபேசிப் பட்டியல், ஒன்றாக நின்று எடுத்த படம், இரண்டு பேர் பெயரும் போட்ட மின்சாரக் கட்டணச் சிட்டை எல்லாம் கட்டுக் கட்டாய்க் கொடுத்தோம். இவர்களுடைய அன்பைப் பற்றி எனக்கு ஒரு மயக்கமும் இல்லை.

ஆனால் அந்தப் பெண் நான் கேட்காமலே சொன்னாள். தொலைபேசியை வைத்துவிட்டு நான் விக்கி விக்கி அழுதேன். ஸைனப் கதிரையைத் தள்ளிவிட்டு வந்து என் முதுகைத் தடவினாள். வாப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்தாள். நான் அழுதது புத்தளத்துப் பக்கம் எத்தாளையில் இருக்கும் ஹம்சியா என்ற பெண்ணை நினைத்து.

2

நான் பிறந்தது மன்னாரில். தொண்ணூறில் இயக்கம் வடக்கு முஸ்லிம்களை எல்லாம் துரத்தியபோது எனக்கு நாலு வயது. பிறகு புத்தளத்தில் கற்பிட்டி வீதியோரம் ஓலைக் கொட்டில், தகரக் கொட்டில், கல்வீடு என்று படிப்படியாக வளர்ந்து உயர்தரப் பரீட்சையும் பாஸ் பண்ணினேன். யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் நுண்கடன் கம்பெனிகள் புத்தளத்துக்கு வரிசையாக வந்து இறங்கின. அதில் ஒன்றில் எனக்கு வெளிக்கள உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. ஸ்கூட்டி தந்தார்கள். அபாயாவுக்கு மேல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கற்பிட்டி வீதியில் போகும்போது எனக்கு இறக்கை முளைத்திருந்தது என்று சொன்னாலும் தகும். பெண்கள் எல்லாரும் என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். என்னைவிட இருபது வயது மூத்தவர்களும் மிஸ் என்றார்கள்.

முதல் வருடம் நான் அந்த வேலையை நம்பினேன். டவுனில் இருந்த வங்கிகள் காணி உறுதிப் பத்திரம் கேட்கும், அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரின் பிணை கேட்கும். இடம்பெயர்ந்து வந்தவளிடம் உறுதி எங்கே இருக்கும்? நாங்கள் எதையும் கேட்கவில்லை. ஐந்து பெண்கள் சேர்ந்து வந்தால் போதும். எத்தாளையில் மைமூன் ராத்தா எடுத்த முதல் கடனில் தண்ணீர் மோட்டர் வாங்கி மிளகாய் போட்டா. அடுத்த வருடம் கூரைக்கு ஷீட் அடித்தா. புருஷனிடம் கை நீட்டாமல் மகளுக்கு சப்பாத்து வாங்கிக் கொடுத்ததைச் சொல்லும்போது அவவின் கண் நிறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். நுண்கடன் என்றால் முழுக்கவும் பொய் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிழை எங்கே என்றால், மிளகாய் சில மாதங்களுக்கு ஒரு தரம்தான் காய்க்கும். கடல் வருடத்தில் பல மாதம் கொந்தளிப்பு. எங்கள் தவணையோ செவ்வாய்க்கு செவ்வாய். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தவணை அட்டை கேட்காது. திங்கள் ஒரு கம்பெனி, செவ்வாய் நாங்கள், புதன் இன்னொன்று. கடல் மூடின மாதங்களில் புதன்காரனிடம் வாங்கி எங்களுக்குக் கட்டினார்கள், எங்களிடம் வாங்கித் திங்கள்காரனுக்குக் கட்டினார்கள். வட்டியைச் 'சேவைக் கட்டணம்' என்று எழுதிவைத்து வட்டி ஹராம் என்ற பிரச்சினையையும் நாங்களே தீர்த்து வைத்தோம். மீன் வரும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் மட்டும் நாங்கள் தவணை வாங்கி, மற்ற மாதங்களில் சும்மா இருந்திருந்தால் அந்தப் பெண்கள் தலை நிமிர்ந்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பொருளாதாரம் ஒன்றும் படிக்கத் தேவையில்லை. எனக்கே தெரிந்திருந்தது. மெனேஜருக்கும் தெரிந்திருந்தது.

3

ஹம்சியா மைமூன் ராத்தாவின் குழுவில் ஐந்தாவது ஆள். முப்பது வயது இருக்கும், அதிகம் கதைக்க மாட்டாள். கருவாட்டு வியாபாரம் என்று சொல்லிக் கடன் எடுத்தாள். அவளும் புருஷனும் அந்தக் காசை வள்ளத்து எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை அந்த மனுஷன் கரையில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் மௌத்து.

செவ்வாய்க்கிழமை எங்கள் கூட்ட நாள். கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. ஐந்து பேரின் தவணையும் முழுதாகச் சேரும்வரை ஒருவரும் எழும்பிப் போகக் கூடாது. ஒருத்தியிடம் இல்லையென்றால் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்ட வேண்டும். அதுவரை நானும் இருப்பேன். அடுப்பில் சோறு கரிந்தாலும், பிள்ளை பள்ளியால் வந்து பசியில் கத்தினாலும் இருப்பேன். நான் ஒருபோதும் சத்தம் போட்டதில்லை. சும்மா இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இத்தா வீட்டுக்குள் அந்நிய ஆண் போக முடியாது. மற்றக் கம்பெனிகளின் பெடியன்கள் படலையோடு திரும்பிப் போனார்கள். எங்கள் மெனேஜர் சிலாபப் பக்கத்துக்காரர், தமிழ் சரளமாகக் கதைப்பார். "மிஸ்ஸுக்கு என்ன தடை? நீங்க பொம்பள, நீங்க முஸ்லிம். அந்த அறைக்குள்ள போகக் கூடிய ஒரே உத்தியோகத்தர் நம்மட பிராஞ்சிலதான் இருக்கிறா" என்றார். அதைப் பாராட்டாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் போனேன். மௌத்து வீட்டில் வந்துபோகிற பெண்கள் சீனி, தேயிலை கொண்டுவந்து வைத்து, இத்தா இருப்பவளின் கையில் காசு போட்ட கடித உறை ஒன்றைத் திணித்துவிட்டுப் போவார்கள். ஹம்சியா வெள்ளை உடுப்போடு பாயில் இருந்தாள். மற்ற நாலு பேரையும் நான் வரச் சொல்லியிருந்தேன். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் மாதிரித்தான் இருந்திருக்கும். நான் ஸலாம் சொன்னேன், மௌத்தானவருக்காகக் கை ஏந்தி துஆ கேட்டேன், அவள் கையைப் பிடித்தேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அரை மணித்தியாலம் போனது. ஹம்சியா தலையணைக்குக் கீழே கையை விட்டு உறைகளை எடுத்தாள். ஒவ்வொன்றாய்ப் பிரித்து, ஆயிரத்து இருநூறு ரூபாவைச் சேர்த்து என்னிடம் தந்தாள். நான் கேட்கவேயில்லை. அட்டையில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

அந்த மாதம் பிராஞ்சுக் கூட்டத்தில் மெனேஜர் என்னை எழும்பி நின்று இதைச் சொல்லச் சொன்னார். இத்தா வீட்டில் முதல் சில வாரம் கையில் காசு இருக்கும், பெண் உத்தியோகத்தர்தான் போக வேண்டும் என்று சொன்னேன். கை தட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பிராஞ்சில் அது வழக்கமாகிவிட்டது.

4

இனிச் சொல்லப் போவதை நான் என் கணவருக்கும் சொல்லவில்லை.

கடன் கொடுக்கும்போதே நாங்கள் ஒரு தொகையை மரண நிதி என்று கழித்துக்கொள்வோம். கடன் எடுத்தவளோ அவள் புருஷனோ மௌத்தானால் மீதிக் கடன் தள்ளுபடி. தொண்ணூறு நாளைக்குள் மரணச் சான்றிதழோடு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இது இருந்தது. பிராஞ்சுச் சுவரிலும் தமிழில் பெரிதாக ஒட்டியிருந்தது. புத்தளத்துக்கு பஸ் ஏறி வந்து பிராஞ்சுக்குள் கால் வைத்த எவளும் அதை வாசித்திருப்பாள். தவணைக்கு நாங்களே ஊருக்குப் போவதால் மற்றவர்கள் வருவதே அபூர்வம், இத்தாவில் இருப்பவள் வரவே மாட்டாள். இத்தா முடிய நாலு மாதமும் பத்து நாளும். படிவத்துக்குத் தொண்ணூறு நாள்.

"கேட்டா குடுங்க. கேக்காட்டி நீங்களா எடுத்துக் குடுக்க வேணாம்" என்று மெனேஜர் எங்கள் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். தள்ளுபடி கூடினால் பிராஞ்சின் போனஸ் குறையும். எனக்கு அந்த வருடம் போனஸ் வேண்டியிருந்தது. இலண்டன் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். விசாவுக்கு முன்னால் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும், அதற்குக் கொழும்பில் வகுப்பு, கட்டணம், போக்குவரத்து. என் வாப்பாவிடம் கேட்க முடியாத நிலை.

கம்பெனிச் சட்டப்படி அந்தப் படிவம் எப்போதும் எங்கள் பையில் இருக்க வேண்டும். என் பையிலும் இருந்தது. ஐந்தாம் நாள் இருந்தது, பன்னிரண்டாம் நாள் இருந்தது. மூன்றாவது கிழமையோடு உறைகள் முடிந்தன. அதற்குப் பிறகு மற்ற நாலு பேரும் போட்டுக் கட்டினார்கள். இரண்டு மாதம் போனதும் அவர்களுக்கும் வாய் திறந்தது. மைமூன் ராத்தா இத்தா அறைக்குள் நின்றுகொண்டு, "உண்ட புருஷன் மௌத்தாகினதுக்கு நாங்க நாலு பேரும் வயித்தக் கட்டோணுமா? இத்தாவக் காட்டி எங்கட காசத் திண்டுட்டுப் பாயில இரிக்கிறாய்" என்று கத்தினா. ஹம்சியா தலையைக் குனிந்துகொண்டாள். படிவம் என் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. நான் மைமூன் ராத்தாவைச் சமாதானப்படுத்தினேன். எனக்கு அது நன்றாக வரும்.

எண்பத்தொன்பதாம் நாளும் ஒரு செவ்வாய். அன்றைக்கு மற்றவர்கள் போன பிறகு ஹம்சியா என் கையைப் பிடித்துக் கேட்டாள், "மிஸ், எனக்கு ஏதாவது வழி இரிக்கா?" மரணச் சான்றிதழ் அவள் தலைமாட்டில், குர்ஆனுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. அவளுடைய தம்பி எடுத்துக் கொடுத்திருந்தான். ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் போனால் பிராஞ்சு மூடுவதற்குள் கொடுத்திருக்கலாம்.

"எஞ்சின வித்துப் போடுங்க ஹம்சியா" என்றேன்.

விற்றாள். முழுக் கடனும் அடைந்தது. எஞ்சின் இல்லாத வள்ளம் கரையில் கிடந்து உக்கியது. இத்தா முடிந்து இரண்டு மாதத்தில் அவள் மகளை மாமியிடம் விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அதே மாதம் நான் ஆங்கிலப் பரீட்சையில் பாஸ் பண்ணினேன்.

5

இங்கே என் இத்தாவுக்குப் பாயும் இல்லை, உறையும் இல்லை. பள்ளிவாசல் பெண்கள் இரண்டு தரம் பிரியாணி கொண்டுவந்து தந்தார்கள். மேல் மாடிக்காரி கதவில் ஓர் அனுதாப அட்டையைச் செருகிவிட்டுப் போனாள். காலையில் எழும்பித் தொழுவேன், யன்னலால் பஸ் தரிப்பிடத்தைப் பார்ப்பேன், கடிதங்களைப் பிரிப்பேன். மௌத்தான மனுஷனின் பெயருக்கு இன்னும் தினமும் கடிதம் வருகிறது. அவர் ஓட்டிய வேன் கம்பெனி அவருடைய மேற்சட்டையைத் திருப்பிக் கேட்டு இரண்டு தரம் எழுதியது.

ஸைனபுக்குப் பள்ளி விடுமுறை. என்னை எங்கள் ஆட்கள் வீட்டுக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்று அவள் தோழிகளுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள். ஒரு நாள் என்னிடமே கேட்டாள், "நீங்க என்ன பிழை செஞ்ச, ம்மா? வாப்பாதானே செத்துப்போனது?" இத்தா தண்டனை இல்லை என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். என் தமிழ் அவளுக்குப் பாதியில் நின்றுவிட்டது, என் ஆங்கிலம் எனக்குப் பாதியில் நின்றுவிட்டது. அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

கொடுப்பனவுப் படிவம் சொன்னபடியே வந்தது. ஸைனப் ஒரே இருப்பில் நிரப்பினாள். வாப்பாவின் பெயரை எழுதும்போது மட்டும் பேனாவை நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு என் பக்கம் தள்ளி, "சைன் பண்ணுங்க, நான் போஸ்ட் பண்ணுறேன், த்ரீ மந்த்ஸ்தான்" என்றாள். என் பெண் பிள்ளை அவசரப்படுத்துகிறாள், எனக்கு வர வேண்டியது தவறிவிடக் கூடாது என்று. அந்த இடத்தில் என் மனசு தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே ஊரில் இருக்கும் என் தங்கச்சியிடம் ஹம்சியாவின் இலக்கத்தைத் தேடித் தரச் சொன்னேன்.

காசை அனுப்பி விஷயத்தை முடித்துவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையை அப்படியே எழுதுகிறேன், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதை விட இத்தாவில் இருக்கும்போதே அதை முடித்துவிடவேண்டும் என்ற அவசரம்தான் கூட.

6

ஹம்சியாவின் குரல் தடித்திருந்தது. குவைத்தில் இரண்டு ஒப்பந்தம் முடித்துவிட்டு வந்து, இப்போது எத்தாளையிலேயே பீட்ரூட் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறாளாம். என் பெயரைச் சொன்னதும், "இன்னாலில்லாஹி... மிஸ், கேள்விப்பட்டேன். உங்கட தங்கச்சி சொன்னா. நீங்க தனியா இரிக்கிறீங்களா?" என்று அழுதாள்.

"ஓம்" என்றேன்.

"எனக்குத் தெரியும் மிஸ், அது எப்பிடி எண்டு. நான் இத்தா இருக்கக்குள்ள நீங்க கிழம கிழம வந்து பக்கத்துல இருந்தீங்க. கையப் புடிச்சீங்க. அத நான் மறக்கல்ல. குவைத்துல இருந்து உங்களுக்கு துஆக் கேட்டிரிக்கேன்."

வைத்துவிடலாம் போல் இருந்தது. அவள் கடைசிவரை என்னை நல்லவளாகவே நினைத்துக்கொண்டு மண்ணுக்குப் போவாள், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அவள் துஆக் கேட்டேன் என்று சொன்ன பிறகு என்னால் முடியவில்லை. மரண நிதி, தொண்ணூறு நாள், சுவரில் ஒட்டிய கடுதாசி, என் பையில் இருந்த படிவம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் வீட்டுக் கோழி கொக்கரிப்பது கேட்டது.

"தொண்ணூறு நாளா?"

"ஓம்."

"தொண்ணூறு நாளைக்குள்ள நீங்க எத்தின தரம் வந்தீங்க?"

எனக்குத் தெரியும். இருந்தாலும் யோசிப்பது மாதிரி நின்றேன். அவளே எண்ணினாள். செவ்வாய்களை வரிசையாய்ச் சொல்வது காதில் விழுந்தது.

"பதிமூணு" என்றாள்.

"ஹம்சியா, அந்தக் காசு முழுக்க, எஞ்சினுக்கும் சேத்து நான் அனுப்புறேன். இங்க எனக்கு ஒரு கொடுப்பனவு வரப்போகுது..."

"உங்கட காசு எனக்கு வேணாம், மிஸ். அந்த நாலு பேருக்கும் குடுக்க வேண்டியத நான் குவைத்துல இருந்து ஒரு சதம் மிச்சமில்லாமக் குடுத்திட்டேன். ஆனா மைமூன் ராத்தா எண்ட மகள்ட கலியாணத்துக்கு வரல்ல. ரோட்டுல கண்டா முகத்தத் திருப்பிட்டுப் போறா. இத்தன வருஷமா ஊருக்குள்ள நான் அடுத்தவள்ட காசத் திண்டவ." கொஞ்சம் நிறுத்தினாள். "செவ்வாய்க்கிழம அஸருக்குப் பொறகு நாலு பேரையும் எண்ட வீட்டுக்குக் கூப்புடுறேன். வீடியோவுல வாங்க. இப்ப சொன்னத அவங்களுக்கும் சொல்லுங்க."

"எப்பிடி ஹம்சியா, நான் இத்தாவில..."

"எல்லாரும் பொம்பளையள்தான் மிஸ். உங்களுக்கு என்ன தடை?"

7

ஊரில் அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம் நாலரை என்றால் இங்கே நண்பகல். ஸைனப்தான் வீடியோவைப் போட்டுத் தந்தாள். வெளியே போகச் சொன்னேன். "நெட் கட் ஆனா யார் சரி பண்ணுறது?" என்று சொல்லிவிட்டு யன்னலோரம் இருந்தாள்.

அங்கே தொலைபேசியைச் சீனி டின்னில் சாய்த்து வைத்திருந்தார்கள். பாயில் ஐந்து பேர். மைமூன் ராத்தாவின் தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது. அவ ஹம்சியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் இருந்தா. ஸலாம் சொன்னேன். ஒருவரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஹம்சியா, "தொடங்குங்க மிஸ்" என்றாள்.

சொன்னேன். நான் முடித்ததும் மைமூன் ராத்தா மெதுவாகத் திரும்பினா.

"அப்ப அண்டைக்கு, நான் இவள அப்பிடிக் கத்தக்குள்ள, கடுதாசி உங்கட பைக்குள்ள இருந்திச்சா?"

"ஓம் ராத்தா."

"என்னப் புடிச்சி ஆறுதல் சொன்னீங்களே, மிஸ்."

"ஓம்."

அவ எழும்பி ஹம்சியாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "சரி ராத்தா, என்ன மன்னிச்சிக்கொள்ளுங்க, நான் வைக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"எழும்பாதீங்க மிஸ்" என்றாள் ஹம்சியா. "முழுசாச் சேரும்வரைக்கும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. நீங்க போட்ட சட்டம்தானே. பதிமூணு செவ்வா வந்தீங்க. பதிமூணு செவ்வா வாங்க. ஒவ்வொரு கிழமையும் முதல்ல இருந்து சொல்லோணும். இண்டைக்கு ஒண்டு."

பதின்மூன்றாவது செவ்வாய் என் இத்தா முடிவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் வருகிறது. நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். எனக்குப் போக்கிடம் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

இரண்டாவது செவ்வாய் மற்றக் குழுக்காரிகளும் வந்தார்கள். நேற்று மூன்றாவது. பாயில் இடமில்லாமல் படியில் எல்லாம் பெண்கள். இளம் பிள்ளை ஒருத்தி தன் ஒப்பந்தக் கடுதாசியைக் கமராவுக்கு முன்னால் பிடித்து, "எங்கடதுலயும் பின்பக்கம் இப்பிடி ஏதும் இரிக்கா மிஸ்?" என்று கேட்டாள். இருந்தது. பொடி எழுத்தை வரி வரியாய் வாசித்துச் சொன்னேன். எந்தத் திகதிக்கு முன் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அடுத்தவளும் நீட்டினாள், அதற்கடுத்தவளும் நீட்டினாள். இந்தப் பெண்களே கூடி ஒரு சங்கம் வைத்து, கடல் மூடின மாதத்தில் தவணையை நிறுத்தி நடத்தினால் என்ன என்றுகூடக் கதை வந்தது. எப்படித் தொடங்குவது என்று நான் விளக்கினேன். கையில் பேனாவையும் எடுத்துவிட்டேன். பழையபடி மிஸ் ஆகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, அதை மறைக்க மாட்டேன்.

கடைசியில் ஹம்சியா, "இனி உங்கட கதையச் சொல்லுங்க மிஸ்" என்றாள். நேரம் போய்விட்டது என்று சுருக்கமாகச் சொன்னேன். மரண நிதி இருந்தது, தொண்ணூறு நாள் இருந்தது, நான் சொல்லாமல் விட்டேன், என்னை மன்னியுங்கள் என்று முடித்தேன். அங்கே பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பப் பார்த்தார்கள்.

"ம்மா" என்றாள் யன்னலோரம் இருந்து ஸைனப். "அந்தப் பை."

நான் திரும்பவில்லை.

"பையப் பத்திச் சொல்லல்ல நீங்க. பேப்பர் பைக்குள்ள இருந்தது. அந்த ஆன்ட்டி கேட்டது, நீங்க குடுக்கல்ல. அது சொல்லல்ல."

இந்தக் கதையெல்லாம் அவளுக்கு முழுதாக விளங்காது என்று மூன்று கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அங்கே எழும்பின பெண்கள் நின்றுவிட்டார்கள். ஹம்சியா சீனி டின்னுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள்.

"யாரு, மகளா?"

"ஓம்" என்றேன்.

"நல்ல பிள்ள. அவவ முன்னுக்கு வந்து இருக்கச் சொல்லுங்க." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இருங்கடி எல்லாரும், முடியல்ல" என்றாள். பெண்கள் திரும்பப் பாயில் இருந்தார்கள். ஸைனப் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நான் முதலில் இருந்து தொடங்கினேன்.